டார்ஸியின் இருபத்தேழு கல்யாணங்கள்

இந்த வருஷம் பொங்கல் முதல் நவராத்திரி வரையில், டார்ஸி என்கிற இங்கிலீஷ் சீமானுக்கும் எலிஸபெத் பென்னட் என்கிற பெண்ணுக்கும் எங்கள் வீட்டில் இருபத்தேழு தடவை விவாகம் நடந்தேறியது. கல்யாணச் சாப்பாடு மட்டும் ஒரு தடவைகூடக் கிடைக்கவில்லை.

விஷயம் இதுதான். என் தங்கை ஒரு பாங்கியில் வேலை பார்க்கிறாள். மாலையில் வீடு திரும்பி, அம்மாவுக்கு மருந்து கொடுத்து, சமையலறை விளக்கை அணைத்த பிறகு, செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு படுக்கையில் சாய்ந்துவிடுவாள். பிறகு இரவு பன்னிரண்டு மணி வரையில் அந்தச் சின்ன வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்துகொண்டேயிருக்கும். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"அப்படி என்னதான் படிக்கிறாய்?"

"டார்ஸி, எலிஸபெத் கதை, அக்கா."

"அதைத்தான் நேற்றைக்கே முடித்துவிட்டாயே!"

"நேற்று முடித்தது வேறு. அதிலே டார்ஸி வந்து கேட்டதும் எலிஸபெத் சரி என்று சொல்லிவிட்டாள். இதிலே அவர் கேட்கவே இல்லை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் இருபத்துமூன்று வருஷமாகப் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் இங்கிலீஷ் போதித்து வரும் உபாத்தியாயினி. சர்வகலாசாலையில் எம்.ஏ. வகுப்பில் மிஸ் ஜேன் ஆஸ்டினின் நாவலை வரி வரியாகக் கோடு போட்டுப் படித்தவள். ஒருவர் எழுதி முடித்த கதையை வேறொருவர் எடுத்து, "இப்படி நடக்காமல் அப்படி நடந்திருந்தால்?" என்று ஆரம்பிப்பது எனக்குச் சுத்த அபசாரமாகத் தோன்றிற்று. அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா! அதற்கு ஒரு புஸ்தகமா? அதற்கு இருபத்தேழு புஸ்தகமா?

மூலக் கதையை அறியாத நேயர்களுக்காக அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் ஹெர்ட்போர்டுஷயர் என்னும் ஜில்லாவில் பென்னட் என்பவருக்கு ஐந்து பெண்கள். பிள்ளை இல்லை. வருஷத்துக்கு 2,000 பவுன் வருமானமுள்ள சொத்து, அவர் காலத்துக்குப் பிறகு காலின்ஸ் என்கிற தூரத்து உறவினருக்குப் போய்விடும். ஆகையால் பெண்களுக்குக் கல்யாணம் ஆகவேண்டியது வயிற்றுப்பாட்டு விஷயம். பக்கத்து மாளிகைக்குப் பிங்லி என்கிற சாதுவான பணக்கார வாலிபர் வருகிறார். அவருடன் வருகிறவர்தான் டார்ஸி. அவருக்கு வருஷ வருமானம் 10,000 பவுன். கர்வமும் அதற்கு ஏற்றாற்போல் இருக்கிறது. நடன விருந்தில் எலிஸபெத்தின் காதில் விழும்படியே அவளைப் பற்றி அலட்சியமாகப் பேசிவிடுகிறார். பிங்லியோ எலிஸபெத்தின் அக்காள் ஜேனிடம் மனத்தைப் பறிகொடுக்கிறார். ஜேன் தன் மனத்தை வெளியே காட்டாத பெண். "அவளுக்கு உன்மேல் பிரியமில்லை" என்று லண்டனுக்குப் போன நண்பருக்குப் புத்தி சொல்லி, அவர் திரும்பி வராமல் செய்துவிடுகிறார் டார்ஸி. பிறகு அவரே எலிஸபெத்திடம் காதல் கொண்டு, கென்ட் ஜில்லாவில் ஹன்ஸ்போர்டு என்னும் ஊரில் வந்து கல்யாணப் பேச்சை எடுக்கிறார். பேச்சில் காதல் பாதி, அவள் குடும்பத்தின் தாழ்வு பாதி. எலிஸபெத் முகத்தில் அடித்தாற்போல் மறுத்துவிடுகிறாள். மறுநாள் காலையில் டார்ஸி ஒரு நீண்ட கடிதத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். அந்தக் கடிதத்திலிருந்து இருவரும் மெள்ள மெள்ள மாறுகிறார்கள். முடிவு மங்களம்.

இந்தக் கதை பிறந்த கதையும் சுவாரஸ்யமானது. மிஸ் ஆஸ்டின் 1796-ல், தமது இருபதாவது வயதில், வேறொரு தலைப்பில் இதை எழுதத் தொடங்கினார். அடுத்த வருஷம் அவருடைய தகப்பனார் லண்டன் பிரசுரகர்த்தர் ஒருவருக்கு அதைப் பற்றிக் கடிதம் எழுதினார். கைப்பிரதியைப் பார்க்கக்கூட மாட்டோம் என்று அடுத்த தபாலிலேயே பதில் வந்துவிட்டது. பல வருஷங்களுக்குப் பின் அதைத் திருத்தி எழுதி, 110 பவுனுக்கு உரிமையை விற்றார். அவர் கேட்டது 150. 1813-ம் வருஷம் ஜனவரி 28-ந் தேதி 'பிரைட் அண்டு பிரெஜுடிஸ்' மூன்று பாகங்களாக வெளிவந்தது. விலை 18 ஷில்லிங். ஆசிரியர் பெயர்கூட அதில் கிடையாது. அப்போது மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குச் சித்தம் சரியில்லாததால், அவருடைய குமாரர் பிரதிநிதியாக ஆட்சி நடத்தி வந்தார். 1811 முதல் 1820 வரையில் நடந்த அந்த ஆட்சிக்கு 'ரீஜன்ஸி' என்று பெயர். அந்தப் பத்து வருஷத்துக் கவுனும் குதிரை வண்டியும் இன்றைக்கும் கோடிக்கணக்கான பெண்களுக்குச் சொப்பனத்தில் வருகின்றன என்றால் அதற்கு மிஸ் ஆஸ்டின்தான் முக்கிய காரணம்.

"சரி, அந்தச் சொப்பனத்தை அவர் எழுதியபடியே காண்பதுதானே?" என்று தங்கையிடம் வாதாடினேன்.

அவள் வாதாடவில்லை. அவளுடைய புஸ்தகங்களில் ஏழெட்டை என் செல்போனுக்கு அனுப்பிவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். குற்றம் சாட்டுகிறவள் சாட்சியங்களைப் பார்க்க வேண்டாமா? கோடை விடுமுறையில் பரீட்சைத் தாள்களைத் திருத்தி முடித்ததும் படிக்க ஆரம்பித்தேன்.

இந்த வியாபாரம் நேற்று முளைத்ததல்ல என்று தெரிந்தது. ஸிபில் பிரின்டன் என்னும் ஆங்கில மாது, மிஸ் ஆஸ்டினின் ஆறு நாவல்களிலும் வரும் பாத்திரங்களை ஒன்றாகக் கூட்டிவைத்து 1913-லேயே ஒரு தொடர்கதை எழுதியிருக்கிறார். 1995-ல் பி.பி.ஸி. ஸ்தாபனம் இக்கதையைத் தொலைக்காட்சியில் ஆறு பகுதிகளாகக் காட்டிய பிறகு மோகம் கட்டுக்கடங்காமல் போயிற்று. 2007-ல் கிண்டில் வந்ததும், பிரசுரகர்த்தருக்கு அடுத்த தபாலில் மறுத்து எழுதும் சந்தர்ப்பம்கூட இல்லாமல், எழுத விரும்பிய எல்லோரும் எழுதலானார்கள். பி.டி. ஜேம்ஸ் என்னும் பிரசித்தமான துப்பறியும் கதாசிரியை 2011-ல் டார்ஸியின் தோட்டத்துக் காட்டில் ஒரு கொலையையே நடத்திவிட்டார். ஜோ பேக்கர் 2013-ல் அதே கதையைப் பென்னட் வீட்டு வேலைக்காரர்களின் பார்வையில் சொன்னார். 2009-ல் ஒருவர் நடைப்பிணங்களையும் உள்ளே விட்டார். நம்மவர்கள் மட்டும் சும்மா இருந்தார்களா? மிஸ் ஆஸ்டினின் வேறொரு நாவலைத் தழுவித்தானே 2000-ல் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' என்ற படம் வந்தது?

ஆனால் என் தங்கை விரும்பிப் படிப்பவை இவை அல்ல. 'வேரியேஷன்ஸ்' என்று ஒரு தனி ஜாதி இருக்கிறது. அபிகேல் ரெய்னால்ட்ஸ் என்னும் அமெரிக்க லேடி டாக்டர் இந்த வகையில் வரிசையாக எழுதிப் பேர் வாங்கியவர். மூலக் கதையில் ஒரே ஓர் இடத்தைத் தொட்டு, அந்த ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு, மற்றதெல்லாம் எப்படிப் போகிறது பார்ப்போம் என்பதுதான் இதன் சூட்சுமம். ஹன்ஸ்போர்டில் எலிஸபெத் மறுக்காமலிருந்தால்? கடிதம் அவள் கைக்குப் போய்ச் சேராதிருந்தால்? பென்னட் அகாலத்தில் காலமாகி, பெண்கள் ஐவரும் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தால்?

படிக்கப் படிக்க எனக்கு ஒரு விஷயம் புலப்பட்டது. இந்த 'ஆல்' எல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டியவை அல்ல, மூலத்திலேயே இருப்பவைதான். மழை வரும்போலிருந்தும் தாயார் ஜேனுக்கு வண்டி கொடுக்காமல் குதிரைமேல் அனுப்புகிறாள். அதனால் ஜேனுக்கு ஜலதோஷம். அதனால் எலிஸபெத் சேற்றில் மூன்று மைல் நடந்து அந்த மாளிகைக்குப் போகிறாள். அதனால் டார்ஸி அவளை நன்றாகப் பார்க்கிறார். ஏரிப் பிரதேசத்துக்குப் போவதாக இருந்த யாத்திரை, மாமாவின் வியாபார அலுவலால் டெர்பிஷயரோடு நிற்கிறது. டார்ஸி தம்முடைய பெம்பர்லி மாளிகைக்கு உடன் வந்தவர்களைவிட ஒரு நாள் முன்னதாகத் திரும்புகிறார். அந்த ஒரு நாள் தவறியிருந்தால் அங்கே எலிஸபெத்தைச் சந்தித்திருக்கவே மாட்டார். டார்ஸியின் அத்தை லேடி காதரீன் வந்து எலிஸபெத்தை மிரட்டாமல் இருந்திருந்தால், அவருக்கு மறுபடி நம்பிக்கை பிறந்திராது. மயிரிழையில் தொங்கும் கதை இது. மிஸ் ஆஸ்டின் அந்த மயிரிழையை நமக்குத் தெரியாதபடி எவ்வளவு உறுதியாகத் திரித்திருக்கிறார் என்பது, மற்றவர்கள் அதை அறுத்துப் பார்த்த பிறகே எனக்குத் தெரிந்தது. எம்.ஏ. வகுப்பில்கூடத் தெரியவில்லை.

ஆசிரியையே இந்த விளையாட்டை விளையாடியவர்தான். புஸ்தகம் வெளிவந்த 1813-ம் வருஷம் மே மாதத்தில் அவர் லண்டனில் ஒரு சித்திரக் காட்சிக்குப் போனார். அங்கே ஒரு சிறு படத்தைப் பார்த்து, இவள்தான் மிஸஸ் பிங்லி என்று தீர்மானித்தார். மிஸஸ் டார்ஸியைத் தேடித் தேடிப் பார்த்தார், அகப்படவில்லை. அவள் படத்தை ஊரார் பார்க்கக் கணவர் சம்மதிக்க மாட்டார் போலும் என்று தமக்கை கஸாண்டிராவுக்கு வேடிக்கையாக எழுதினார். மற்றத் தங்கைகளில் கிட்டி ஒரு பாதிரியாரை மணந்தாள், மேரி தன் மாமாவின் குமாஸ்தா ஒருவனை மணந்தாள் என்றெல்லாம் வீட்டாருக்குச் சொல்லுவாராம். இதை அவருடைய மருமான் எழுதிய சரித்திரத்தில் காணலாம்.

அவருடைய சொந்த வாழ்க்கையிலும் ஒரு பெரிய 'ஆல்' இருந்தது. 1802-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில், இருபத்தேழு வயது நிறையச் சில தினங்களே இருக்கையில், ஹாரிஸ் பிக்-விதர் என்னும் பணக்கார வாலிபர் அவரை மணக்க விரும்பிக் கேட்டார். இரவில் சம்மதம் சொன்னார். காலையில் எழுந்ததும், "மன்னிக்க வேண்டும், முடியாது" என்று சொல்லிவிட்டு ஊர் திரும்பிவிட்டார். பிறகு கல்யாணமே செய்துகொள்ளவில்லை. 1817-ல் நாற்பத்தொரு வயதில் காலமானார். அந்த ராத்திரி விடியாமலே இருந்திருந்தால், ஒரு பெரிய வீட்டின் எஜமானியாகக் குழந்தைகளை வளர்த்துக்கொண்டிருந்திருப்பார். நமக்கு எலிஸபெத் கிடைத்திருப்பாளோ, மாட்டாளோ, யார் கண்டது?

இவ்விதமாக என் ஆட்சேபம் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. மீதிப் பாதிக்கு மட்டும் நியாயம் உண்டு. இந்த மாறுதல் கதைகளில் மோசமானவை எல்லாம் ஒரே தவற்றைச் செய்கின்றன. நாயகனும் நாயகியும் கஷ்டப்படக் கூடாது என்று இரக்கப்பட்டு, ஹன்ஸ்போர்டுச் சண்டையையே எடுத்துவிடுகின்றன. டார்ஸி முதல் அத்தியாயத்திலேயே உத்தமராகிவிடுகிறார். இரண்டு நல்ல மனிதர்கள் முந்நூறு பக்கம் டீ குடிக்கிறார்கள். நல்ல கதைகளோ, சம்பவத்தை மாற்றினாலும் வெட்கத்தை மாற்றுவதில்லை. தான் பிறருக்குச் செய்த தீங்கு இன்னதென்று டார்ஸி ஒரு நாள் அறியத்தான் வேண்டும். தன் கூரிய புத்தி தன்னையே ஏமாற்றிவிட்டதென்று எலிஸபெத் உணரத்தான் வேண்டும். வாசல் வழியாக வராவிட்டால் அந்த வெட்கம் கொல்லைப்புறமாக வந்துவிடுகிறது.

இந்த அபிப்பிராயத்தை ஒரு கட்டுரையாக எழுதி முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அப்போதுதான் தங்கை அனுப்பிய புஸ்தகங்களின் ஜாபிதாவை இன்னொரு தடவை பார்த்தேன். எட்டில் ஐந்து ஒரே மாதிரி. டார்ஸி, பிங்லியை ஜேனிடமிருந்து பிரிக்காமலிருந்தால் என்ன ஆகும் என்பவை. என் தங்கை எலிஸபெத்துக்காகப் படிக்கவில்லை. ஜேனுக்காகப் படித்துக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. அதற்குக் காரணத்தை நான் சொல்லியாக வேண்டும்.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால் என் தங்கையைப் பெண் பார்க்க ஒரு பிள்ளை வந்தார். சொஜ்ஜி, பஜ்ஜி எல்லாம் ஆயிற்று. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். அவர்கள் படியிறங்கியதும், "எவ்வளவு கர்வம்! இந்த இடம் வேண்டாம்" என்று முதலில் சொன்னவள் நான். வீட்டில் படித்தவள், உத்தியோகம் பார்க்கிறவள் என்பதால் அப்பா என் பேச்சுக்கு மதிப்புக் கொடுப்பார். தங்கை என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா சொல்வது சரிதான்" என்றாள்.

இதுவரையில் எல்லோருக்கும் தெரியும். பத்து நாள் கழித்து எங்கள் ஒன்றுவிட்ட சித்தப்பா டெலிபோன் செய்தார். எடுத்தவள் நான். "பையன் சங்கோசி அம்மா. அன்றைக்கு அவனுக்குப் பேச வரவில்லை. பெண்ணோடு ஒரு தடவை பேசிப் பார்க்கலாமா என்று கேட்கிறான்" என்றார். "வேறு இடம் ஏறக்குறைய நிச்சயமாகிவிட்டது, சித்தப்பா" என்று சொன்னேன். வேறு இடம் எதுவும் இல்லை. போனை வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வந்த இரண்டு மூன்று இடங்கள் ஒன்றும் அமையவில்லை. அப்பா காலமானார். "இனிமேல் எனக்காக யாரும் அலைய வேண்டாம்" என்று தங்கை சொல்லிவிட்டாள்.

மூலக் கதையில் ஜேன் மூன்று மாதம் லண்டனில் இருந்ததை டார்ஸி அறிவார். அறிந்தும் பிங்லியிடம் மறைத்துவிடுகிறார். தமது கடிதத்தில் மற்றதற்கெல்லாம் நியாயம் சொல்லுகிற அந்த மனிதர், மறைத்த அந்த ஒன்று மட்டும் தமக்கே திருப்தியில்லை என்று ஒப்புக்கொள்ளுகிறார். கடைசியில் பிங்லியிடமும் சொல்லுகிறார். பிங்லிக்குக் கோபம் வருகிறது. இந்த இடத்தை எத்தனை வகுப்புகளுக்கு நான் விளக்கியிருக்கிறேன்! டார்ஸியின் கர்வத்துக்கு உதாரணங்களை ஒன்று, இரண்டு என்று கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். சாக்குக்கட்டி என் கையில்தான் இருந்தது.

அன்றிரவு அவள் படுக்கையருகில் போய் உட்கார்ந்தேன். தொண்டை அடைத்தது. எப்படியோ சொல்லி முடித்தேன்.

அவள் செல்போனைக் கீழே வைத்தாள்.

"தெரியும், அக்கா. அப்பா காரியத்துக்கு வந்தபோது சித்தப்பா சொன்னார்."

"பத்து வருஷமாகிறதே! ஏன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை?"

"நீயே சொல்லுவாய் என்று இருந்தேன்."

"என்மேல் கோபம் இல்லையா?"

"இரண்டு வருஷம் இருந்தது. நீ கவனிக்கவில்லை. பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாய்."

இருவருமே சற்றுச் சிரித்தோம். பிறகு அவள் நிதானமாகச் சொன்னாள்: "அவரைக் கல்யாணம் பண்ணிக்கொண்டிருந்தால் சுகமாக இருந்திருப்பேனா என்று எனக்குத் தெரியாது, அக்கா. ஒருவேளை அவர் காலின்ஸாகவே இருந்திருக்கலாம். ஆனால் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்க வேண்டும். இந்தக் கதைகளிலே எதை மாற்றினாலும், அந்த வார்த்தையை எலிஸபெத்தேதான் சொல்லுகிறாள். ஜேனுக்கும் கடைசியில் யாராவது உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள். அதற்காகத்தான் படிக்கிறேன்."

பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அன்று மறைத்ததை இன்று சொன்னதால் பதினான்கு வருஷம் திரும்பி வந்துவிடாது. மிஸ் ஆஸ்டினே எழுதினாலும் வராது. ஆயினும் எங்கள் வீட்டில் ஒரு கதவு பத்து வருஷமாக ஒருக்களித்தபடி கிடந்தது. அதை யாராவது ஒருவர் திறக்க வேண்டியிருந்தது. திறக்க வேண்டியவள் நான்தான்.

இப்போது அம்மா ஒரு யோசனை சொல்லியிருக்கிறாள். இந்தத் தையில், தங்கைக்கு ஒரு வரன் பார்க்கலாமாம். நாற்பது வயதில் செய்துகொள்கிறவர்கள் இல்லையா என்கிறாள். பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பிய என்னிடம் முதலில் அபிப்பிராயம் கேட்டாள். "என்னை ஏன் கேட்கிறாய், அம்மா? அவளைக் கேள்" என்று சொல்லிவிட்டு, முகம் கழுவப் போனேன்.

தங்கை என்ன பதில் சொன்னாள் என்பதை நான் ஒட்டுக் கேட்கவில்லை. அன்று இரவு இருபத்தெட்டாவது புஸ்தகத்தை என் செல்போனுக்கு அனுப்பியிருந்தாள். "இதிலே காலின்ஸ்கூட நல்லவர், அக்கா" என்று ஒரு குறிப்பும் இருந்தது. விளக்கை அணைத்துவிட்டு நானும் படிக்க உட்கார்ந்தேன்.